ஐம்பத்தாறு பறவை அட்டைகள்

அந்தக் குடியிருப்பில் பல்லுக்காரம்மா என்றால்தான் அவளைத் தெரியும். அவள் பல் வைத்தியர் இல்லை. வைத்தியர்கள் எடுத்து அனுப்பும் அளவுக்குப் பல் செட் செய்து கொடுக்கும் பட்டறையில் பத்தொன்பது வருடமாக வேலை செய்கிறாள். செட் போடுகிறவர்களின் முகத்தை அவள் பார்த்ததே இல்லை. ஆனால் அந்தச் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேரின் மேல்வாய் அவளுக்கு அத்துப்படி.

முதலில் மெழுகில் ஒவ்வொரு பல்லாக நடவேண்டும். பிறகு மெழுகை உருக்கி எடுத்துவிட்டு அந்த இடத்தில் இளஞ்சிவப்பு அக்ரிலிக்கை அழுத்தி வேகவைக்க வேண்டும். ஆறியதும் அச்சை உடைத்து எடுத்து, ராவி, கடைசியில் பாலிஷ். பாலிஷ்தான் அவளுக்குப் பிடித்த கட்டம். சுழல்கிற துணிச்சக்கரத்தில் ஈரமான நுரைக்கல் பொடியைத் தொட்டுக் காட்டினால், சொரசொரவென்று கிடந்த பொருள் இரண்டே நிமிடத்தில் முகம் பார்க்கிற மாதிரி ஆகிவிடும். இந்தப் பழக்கம் அவளோடு வீட்டுக்கும் வந்துவிட்டது. மங்கலாக எதைப் பார்த்தாலும் கை நமநமக்கும். குழாய், கதவுக் கைப்பிடி, கணவனின் பழைய வாட்ச் எல்லாவற்றையும் ஒரு கை பார்த்துவிட்டாள். அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக்.

"என்னைய மட்டும் விட்டு வெச்சிருக்கா. என் தலை தானாவே பளபளன்னு இருக்கு, பாருங்க" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்வான்.

அவர்களோடு அவனுடைய அக்காவும் இருக்கிறார். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பத்திரண்டு வருடம் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யார் யாரையோ யார் யாரோடோ இணைத்துவிட்டு ஓய்வு பெற்றவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கும் தைரியம் தம்பிக்கே வந்ததில்லை. முன்னறை அவருடையது. அங்கே ஒரு கண்ணாடி அலமாரி. அலமாரியில் ஐம்பத்தாறு அட்டைகள்.

இருபது வருடத்துக்கு முன்னால் ஒரு தபால் வியாபாரக் கம்பெனி மாதம் ஒன்றாக அனுப்பியவை அவை. ஒவ்வொன்றும் சின்னப் புத்தகம் போல மடித்த கெட்டி அட்டை. திறந்தால் இடது பக்கம் ஒரு பறவையின் வண்ணப்படம். வலது பக்கம் அதே பறவை பொறித்த ஏதோ ஒரு நாட்டு நாணயம், ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் ஜன்னலுக்குள். ஜன்னலுக்குக் கீழே தங்க எழுத்தில் ஒரு சான்றிதழ். அதில் நாத்தனாரின் முழுப்பெயர், அச்செழுத்தில்.

அந்த அட்டைகளை யாரும் தொடக்கூடாது. துடைப்பதென்றாலும் இறகுத் துடைப்பத்தால் வெளியே மட்டும். வீட்டுக்கு வருகிறவர்கள் ஆர்வத்தில் கையை நீட்டினால் நாத்தனார் சிரித்துக்கொண்டே சொல்வார்: "கவரோட இருந்தாத்தான் அது காசு. பிரிச்சுட்டா சில்லறை."

ஒரு மழைக்காலத்தில் நாத்தனார் பழைய தோழி ஒருத்தியைப் பார்க்க மூன்று நாள் வெளியூர் போனார். பல்லுக்காரம்மா அலமாரியைத் திறந்து தூசி தட்டினாள். தட்டும்போது மூக்கில் ஒரு வாடை ஏறியது. புளித்த மாதிரி, மழைக்கோட்டை ஈரத்தோடு மடித்து வைத்த மாதிரி. அந்த வாடை அவளுக்குத் தெரியும். பட்டறையில் விளையாட்டுக்காரர்களுக்குப் பல்லுறை செய்கிற மெத்தென்ற பிளாஸ்டிக் தாள் பழசாகிக் கெட்டுப்போனால் இப்படித்தான் வீசும். கையால் தொட்டால் பிசுபிசுக்கும்.

மூன்றாவது தட்டில் ஓர் அட்டையைத் திறந்தாள். கொக்கு. பிளாஸ்டிக் ஜன்னல் வியர்த்திருந்தது. கொக்கின் கழுத்தைச் சுற்றிப் பச்சையாக, மூக்குச்சளி மாதிரி ஏதோ பிடித்திருந்தது.

அவள் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிட வேண்டும். ஊரிலிருந்து வருகிறவருக்கு ஒரு சந்தோஷம் கொடுக்கலாம் என்றுதான் அந்த ஓர் அட்டையை மட்டும் பையில் போட்டு மறுநாள் பட்டறைக்கு எடுத்துப் போனாள். சாப்பாட்டு இடைவேளையில் ஜன்னலை மெல்ல அறுத்தாள். ஸ்பிரிட்டில் துடைத்ததும் பச்சை போய்விட்டது. அடியில் நாணயம் மங்கலாக இருந்தது. அவள் யோசிக்கவே இல்லை. கை தானாகப் போய்ச் சக்கரத்தின் ஸ்விட்சைத் தட்டியது.

இரண்டு நிமிடம்தான். கொக்கு கண்ணைப் பறித்தது.

பட்டறை முதலாளி எட்டிப் பார்த்துவிட்டு, "யாரு வாய்க்கும்மா இது? ஒத்தப் பல்லு, ரொம்பப் பெருசா இருக்கே" என்றார்.

"எங்க அண்ணியோடது சார்."

"அண்ணிக்கு வாய் பெருசுன்னு நீ சொல்லிக் கேட்டிருக்கேன். இவ்ளோன்னு தெரியாது."

அவளும் சிரித்தாள். பல்லுறை செய்யும் சூட்டு இயந்திரத்தில் புதிதாக ஒரு கெட்டிப் பிளாஸ்டிக் ஜன்னல் செய்து, பிசிறில்லாமல் ஒட்டி, கொக்கைப் பழையபடி அட்டைக்குள் உட்கார வைத்தாள்.

நாத்தனார் ஊரிலிருந்து வந்து, காலைக் கழுவி, டீ குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தாள். பிறகு அட்டையை நீட்டினாள்.

"அண்ணி, இதைப் பாருங்க. பச்சை பிடிச்சுக் கெடந்துச்சு. சுத்தம் பண்ணிட்டேன்."

நாத்தனார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அது போதாமல் பூதக்கண்ணாடியையும் எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"இறக்கைல கோடு இருந்துச்சே. எங்க?"

"பளபளன்னு வந்திருக்கு அண்ணி, வெளிச்சத்துல பிடிச்சுப் பாருங்க."

"நான் கோடு எங்கன்னு கேட்டேன்."

அப்போதுதான் அவளும் பார்த்தாள். இறகு இறகாகப் பொறித்திருந்த மயிரிழைக் கோடுகள் ஒன்றையும் காணோம். கொக்கு வழுவழுவென்று சோப்புக்கட்டி மாதிரி நின்றது. பல்லில் கோடு இருந்தால் அது குறை, எடுத்தாக வேண்டும். நாணயத்தில் கோடுதான் கொக்கு. இத்தனை வருட வேலையில் அவளுக்கு இப்படியொரு வித்தியாசம் இருக்கும் என்று தோன்ற வேண்டிய அவசியமே வந்ததில்லை.

நாத்தனார் திட்டவில்லை. அட்டையை அதன் இடத்தில் வைத்தார். அலமாரியைப் பூட்டினார். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

அன்றிலிருந்து வீட்டில் பேச்சு தம்பி வழியாகத்தான் போய் வந்தது. மூன்று பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்திருப்பார்கள். "உன் பொண்டாட்டிகிட்ட உப்பைக் கேளு" என்பார் நாத்தனார். உப்பு அவருக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

"அக்கா, நீயே நல்ல ஆபரேட்டர். இப்ப என்னைய ஆபரேட்டர் ஆக்கிட்ட" என்றான் தம்பி.

இந்தக் கோபத்தைக்கூட அவள் தாங்கிக்கொண்டிருப்பாள். அவளைத் தூங்கவிடாமல் செய்தது வேறு. பூட்டிய அலமாரிக்குள் இன்னும் ஐம்பத்தைந்து அட்டைகள். அத்தனையிலும் அதே பிளாஸ்டிக். கொக்குக்குப் பிடித்தது நாளைக்கு மீன்கொத்திக்கும் ஆந்தைக்கும் பிடிக்கும். சிலவற்றுக்கு ஏற்கெனவே பிடித்திருக்கும். இது அந்த வீட்டில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் ஒருத்தி சொல்லைத்தான் கேட்கமாட்டார்கள்.

சந்தேகம் தீரட்டும் என்று ஒரு நாள் வேலை முடிந்து காசுக்கடைக்குப் போனாள். கடை என்றால் பெரிய கடை இல்லை. ஒரு பழைய கட்டடத்தின் மாடிப்படித் திருப்பத்தில், பழைய தபால்தலையும் நாணயமும் விற்கும் ஓர் ஆள். கொக்கின் அட்டையில் அறுத்தெடுத்த பிசுபிசுப் பிளாஸ்டிக் துண்டை அவர் முன்னால் வைத்து விஷயத்தைச் சொன்னாள். அவர் அதை முகர்ந்து பார்த்தார்.

"இந்த அட்டையெல்லாம் அந்தக் கம்பெனி போட்ட சட்டைம்மா. காசு பொறக்கும்போது இதோட பொறக்கல. கெட்டி பிளாஸ்டிக்னா கவலை இல்ல. இது மெத்துனு இருக்குறது. நாளாக நாளாகக் கசியும், காசை அரிக்கும். வெளிய எடுத்துடுங்க. அசிட்டோன்ல முக்கி எடுத்தாப் போதும். தேய்க்கக் கூடாது. பாலிஷ் கீலிஷ் போட்டுடாதீங்க."

அவள் பிளாஸ்டிக் துண்டை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள்.

"போட்டுட்டீங்களா?"

அவள் படிக்கட்டைப் பார்த்தாள்.

"சரி, நான் கேக்கல" என்றார் அவர். பிறகு, "எல்லாம் சாதாரணக் காசுதான். அட்டையோட இருந்தாலும் இல்லைன்னாலும் பெரிய விலை ஒண்ணும் கிடையாது. வீட்டுல ஆசையா வெச்சிருந்தா சொல்லாதீங்க" என்று சேர்த்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கணவனிடம் சொன்னபோது, அவன் சுலபமாக ஒரு வழி கண்டுபிடித்தான்.

"விலையே கிடையாதுன்னு அக்காகிட்ட சொல்லிடுவோம். அதோட விட்டுரும்."

"அதை மட்டும் சொல்லிடாதீங்க. உங்க வாய்ல ஓட்டை. பூட்டிக்கிட்டு இருங்க."

பேசிப் பார்க்கலாம் என்று அவள் ஒரு முறை முன்னறைக்குள் போனாள். நாத்தனார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, அந்த பிளாஸ்டிக் மத்ததையும் தின்னுடும். கடைல கேட்டுட்டு வந்தேன்."

நாத்தனார் பேப்பரை இறக்கினார். ஒரு மாதத்துக்குப் பிறகு நேராக அவளிடம் பேசினார்.

"உன் கை நல்ல கை. எதைத் தொட்டாலும் சுத்தமா முடிக்கிற கை. எனக்கு அதுதான் பயம்." பேப்பரை மடித்து வைத்துவிட்டு, "முப்பத்திரண்டு வருஷம் ஊர்க்காரங்க பேரெல்லாம் என் வாயால சொல்லியிருக்கேன். என் பேரை யாரும் கேட்டதில்ல. 'ஹலோ ஆபரேட்டர்', அவ்வளவுதான். மாசம் ஒரு தடவை தபால்காரன் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு இந்த அட்டையைக் கொடுப்பான். உள்ள என் பேரை அச்சடிச்சிருப்பாங்க. நீ காசைப் பத்திப் பேசுற. நான் அட்டையைக் கிழிக்கவிட மாட்டேன். போ, போய்ப் பல்லைப் பாரு" என்றார்.

பல்லுக்காரம்மா வெளியே வந்துவிட்டாள். அடுக்களையில் நின்று கொஞ்ச நேரம் அழுதாள் என்று சொல்வார்கள். அவளைக் கேட்டால் வெங்காயம் என்பாள்.

அவள் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. புதுச் செட் எங்கேயோ அழுத்தி வாய் புண்ணாகும். ஆனால் போட்டிருக்கிறவர், சரியாகத்தான் இருக்கிறது, எங்கேயும் ராவ வேண்டாம் என்று அடம்பிடிப்பார். அவரோடு வாதம் செய்யக்கூடாது. செட்டின் உட்பக்கம் வெள்ளைப் பசையைத் தடவி வைத்தியர் கடிக்கச் சொல்வார். வெளியே எடுத்தால், அழுத்துகிற இடத்தில் மட்டும் பசை விலகியிருக்கும். அதை அவர் கையிலேயே கொடுத்துவிடுவார்கள். ஆள் தானாக வழிக்கு வருவார்.

அவள் கணவனின் சாமான் பெட்டியிலிருந்து புத்தம்புதுச் செம்புக் கம்பியில் இரண்டு துண்டு வெட்டினாள். ஒன்றை அந்தப் பிசுபிசுப் பிளாஸ்டிக்கில் சுற்றினாள். மற்றதைச் சாதாரணக் காகிதத்தில் சுற்றினாள். இரண்டையும் ஒரு சாஸரில் வைத்து அடுக்களை ஜன்னல் ஓரம், டீ போட வருகிறவர் கண்ணில் படும் இடமாகப் பார்த்து வைத்தாள். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் நாத்தனார் தம்பியிடம், "ஜன்னல்ல என்ன பொட்டலம்?" என்று கேட்டார்.

"அவளைக் கேளு."

"நான் ஏன் கேக்கணும்."

இரண்டு வாரம் போனது. ஒரு நாள் சாஸர் நிழலிலிருந்து வெயில் படும் பக்கமாக நகர்ந்திருந்தது. அவள் நகர்த்தவில்லை. கணவனுக்கு ஜன்னல் இருப்பதே தெரியாது. அவள் சாஸரைச் சுற்றித் துடைத்துவிட்டுப் போனாள்.

ஆறாவது வாரம், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அடுக்களைக்குள் வந்தபோது நாத்தனார் முதலிலேயே அங்கே இருந்தார். இரண்டு பொட்டலத்தையும் பிரித்து வைத்திருந்தார். காகிதத்தில் இருந்த கம்பி லேசாகப் பழுப்பேறியிருந்தது, அவ்வளவுதான். பிளாஸ்டிக்கில் இருந்தது பாசி பிடித்த மாதிரி பச்சையாக இருந்தது. நாத்தனார் அதை விரலால் தொட்டுவிட்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அட்டையைக் கிழிக்காம எடுக்க முடியுமா?"

"பின்பக்கத் தாளை மட்டும் ஓரமாக் கீறி எடுத்துடலாம் அண்ணி. முன்பக்கம் கத்தி படாது. உங்க பேருல ஒரு கீறல் விழாது. புதுசா கெட்டி ஜன்னல் நான் வெட்டித் தர்றேன்."

"மெஷின் கிட்ட எதுவும் போகக் கூடாது."

"போகாது."

"நீ அட்டையை மட்டும் அறு. காசை நான்தான் எடுப்பேன்."

"சரி அண்ணி."

அவள் அந்த வாரம் முழுக்கச் சாப்பாட்டு இடைவேளையில் கெட்டிப் பிளாஸ்டிக் தாளில் ஐம்பத்தைந்து ஜன்னல் வெட்டினாள். அடுத்த ஞாயிறு சாப்பாட்டு மேஜையில் வெள்ளைத் துணி விரித்தார்கள். ஜன்னல்களைத் திறந்து வைத்து, அடுப்பை அணைத்து, ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் அசிட்டோனை ஊற்றினார்கள். கணவனை வீட்டைவிட்டு வெளியே அனுப்பினார்கள். அவன் சிகரெட் பிடிக்கிறவன்.

முதலில் மீன்கொத்தி. அவள் அட்டையைக் குப்புறப் போட்டு, மெழுகு செதுக்கும் கத்தியால் பின்தாளை நூல் பிடித்த மாதிரிக் கீறினாள். பிளாஸ்டிக் சவ்வு மாதிரி உரிந்தது. நாத்தனார் இடுக்கியால் நாணயத்தை எடுத்துக் கிண்ணத்தில் போட்டார். அசிட்டோனில் பச்சை கரைந்து புகை மாதிரி பிரிந்தது. ஐந்து நிமிடம் கழித்து எடுத்துத் துணியில் வைத்தார்கள். துடைக்கவில்லை. தானாக உலர்ந்தது.

நாத்தனார் அதை இடுக்கி இல்லாமல், ஓரத்தைப் பிடித்து எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். கையை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இவ்ளோ லேசா? நான் கனமா இருக்கும்னுல்ல நெனச்சேன்."

இருபது வருடமாக அவருடைய பொருள். அன்றுவரை அவர் அதைத் தொட்டதில்லை. அவள் அதைச் சொல்லவில்லை. நாத்தனாருக்கே அது உறைத்த மாதிரி இருந்தது. மெல்ல நாணயத்தைத் திருப்பினார்.

"இது என்னது?"

பின்பக்கத்தில் ஒரு படகு. பாய் விரித்த சின்ன மீன்பிடிப் படகு, கீழே மூன்று அலை.

"பின்பக்கம் அண்ணி."

"பின்பக்கத்துல படகு இருக்குன்னு எவனும் சொல்லலையே."

"அட்டைல ஒட்டியிருந்துச்சுல்ல. எப்படித் தெரியும்?"

நாத்தனார் மீன்கொத்தியையும் படகையும் மாற்றி மாற்றித் திருப்பினார். அதற்குப் பிறகு வேலை நத்தை வேகத்தில்தான் நடந்தது. ஒவ்வொரு நாணயமும் உலர்ந்ததும் அவர் உடனே திருப்ப மாட்டார். என்ன இருக்கும் என்று முதலில் ஊகிப்பார். ஆந்தைக்குப் பின்னால் மரம் என்றார்; கிழவர் ஒருவரின் தலை இருந்தது. "பொருத்தம்தான்" என்றார். நாரைக்குப் பின்னால் நெற்கதிர். பருந்துக்குப் பின்னால் வெறும் ஓர் எண். "சோம்பேறிப் பசங்க" என்றார்.

ஒன்பது நாணயங்கள் கெட்டுப்போயிருந்தன. பச்சை போன பிறகும் அம்மைத் தழும்பு மாதிரி பள்ளம் பள்ளமாக இருந்தது. அவற்றைப் பார்க்கும்போது பல்லுக்காரம்மாவின் கை மறுபடியும் நமநமத்தது. இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்துக்கொண்டாள்.

"என்ன, குளிருதா?" என்றார் நாத்தனார்.

"இல்ல அண்ணி. கைக்குக் காவல்."

நாத்தனார் சிரித்துவிட்டார். கொக்குக்குப் பிறகு அவர் அவளைப் பார்த்துச் சிரித்தது அன்றுதான்.

மூன்று ஞாயிறு போனது. ஐம்பத்தைந்தும் முடிந்தன. அவள் புது ஜன்னல்களை அடுக்கி, பசையைத் திறந்து, மீன்கொத்தியின் அட்டையை எடுத்தாள். நாத்தனார் நாணயத்தை அதன் குழியில் வைத்தார். பொருந்தியது. மீன்கொத்தி தெரிந்தது. படகு போய்விட்டது.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நகத்தால் நெம்பி நாணயத்தை வெளியே எடுத்தார்.

"வேணாம். திரும்ப உள்ள வெக்க வேணாம்."

"அப்ப அட்டை?"

"அட்டை அலமாரில இருக்கட்டும். என் பேரு அதுல இருக்கு, அது எங்கயும் போகாது. காசு தனியா இருக்கட்டும். ரெண்டு பக்கமும் தெரியுற மாதிரி கெட்டியா ஏதாவது விப்பாங்கல்ல?"

"விப்பாங்க. படிக்கட்டுக் கடைலயே இருக்கு." அவள் மேஜையைப் பார்த்தாள். "அப்ப நான் வெட்டுன ஐம்பத்தஞ்சு ஜன்னல்?"

"கொண்டுபோய் யாருக்காவது பல்லு பண்ணு."

"இது பல்லுக்கு ஆகாது அண்ணி."

"ஆகாதுன்னா உன் புருஷனுக்குப் பண்ணு. அவன் எதையும் கேள்வி கேக்க மாட்டான்."

நாத்தனார் துணியில் கிடந்த நாணயங்களைத் துழாவி ஒன்றை எடுத்தார். கடல்காகம். திருப்பினார். ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார், கண்ணாடியை ஏற்றினார், இறக்கினார். விளிம்பைச் சுற்றிப் பொடிப்பொடியாக ஏதோ எழுத்து. பிறகு கையை நீட்டி, அதை அவள் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தா. இதுல சுத்தி என்னமோ இருக்கு. எனக்குக் கண்ணு எட்டல. நீ பாத்துச் சொல்லு."

அவள் ஓரத்தைப் பிடித்துத் தூக்கினாள். மூச்சு படாமல் பார்த்தாள்.

"எழுத்துதான் அண்ணி. எந்த பாஷைன்னு தெரியல. படிக்க வராது."

"படிக்க வேணாம். எப்படி இருக்குன்னு சொல்லு."

"முதல் எழுத்து கொக்கி மாதிரி வளைஞ்சிருக்கு. அடுத்தது ரெண்டு கோடு, நடுவுல ஒரு புள்ளி. அதுக்கு அடுத்தது…"

நாத்தனார் நாற்காலியை இன்னும் கொஞ்சம் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.